ஓட்டாஞ்சில்லு பார்ப்பது எப்படி: ஒரு பட்டறைக்காரனின் கைமுறை

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். ஓட்டாஞ்சில்லு பார்க்கும் கிறுக்கு, தொல்லியல் படிக்கும் அக்கா மகளிடமிருந்து தொற்றியது. "மேல்பூச்சை விடுங்க மாமா, உடைஞ்ச வாயைப் பாருங்க" என்பாள்.

முதலில் உடைசல் சேருங்கள். பொங்கல் பானை, ஊறுகாய் ஜாடி, கோப்பிக்கடைப் பீங்கான் கோப்பை, பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று. குவார் கெப்பா பக்கம் போய்ப் பொறுக்கிவிடாதீர்கள். 2017-இல் 5,000 ஆண்டுக்கும் முந்தைய பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்த இடம் அது, நம் பினாங்கு மாநிலம்தான். பழம்பொருள் கண்ணில் பட்டால் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம். சட்டம் கிடக்கட்டும், எந்த அடுக்கில் எதனோடு கிடந்தது என்று தெரியாத சில்லு பாதி ஊமை.

பானைச் சில்லைக் குறட்டால் புதிதாக முறியுங்கள். முறிந்த வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சிவிடும். நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நான் வைத்தேன், மனைவி பார்த்துவிட்டாள். நீங்கள் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓரம் சிவந்து நடு கறுத்திருந்தால், களிமண்ணில் இருந்த உமி, வேர் போன்றவை முழுதாக எரியுமுன் சூளை அணைந்திருக்கிறது. மணல் குருணை தெரிந்தால் குயவர் வேண்டுமென்றே கலந்திருக்கலாம். விரிசல் ஓடி வந்து அதில் முட்டி நிற்கும், பானை அடுப்பைத் தாங்கும்.

ஜாடியும் கோப்பையும் 1,200 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ வெந்தவை. முறிந்த வாயில் விட்ட சொட்டு உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். சுண்டினால் பானை 'டப்' என்னும், கோப்பை 'கிண்' என்னும்.

அப்புறம் ஆணி. பானையில் கீறினால் தூள் உதிரும். கோப்பையில் சாம்பல் நிறக் கோடு விழும். அதை நகத்தால் தடவுங்கள், பள்ளமே இருக்காது. அது கோப்பையின் கீறல் இல்லை, ஆணியின் இரும்பு.

இப்போது பிளக். மேலே பளபளப்பது பூச்சு. பொறி விழும் முனையில், உள்ளே இருக்கும் வெள்ளை மூக்குதான் அசல் அலுமினா (அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பீங்கான் வகை), அதனால் கரியைத் துடைத்துவிட்டு அங்கே கீறுங்கள். வைரத்துக்குக் கடினம் 10 என்றால் இதற்கு 9. ஆணி முனைதான் மழுங்கும்.

குண்டு துளைக்காத உடுப்பின் தகடுகளில் பலவும் இதே அலுமினாதான். எடை குறைய வேண்டுமென்றால் சிலிக்கன் கார்பைடு, போரான் கார்பைடு என்னும் லேசான பீங்கான் வகைகள். குண்டின் முனை தகட்டில் நொறுங்கும், தகடும் அந்த இடத்தில் உடையும், மிச்ச வேகத்தைப் பின்னால் இருக்கும் நார் அடுக்கு பிடித்துக்கொள்ளும். கீழே விழுந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். நம் கோப்பைக்கு 'கிண்' சத்தமே எக்ஸ்ரே.

கடைசியாக, ஒவ்வொரு சில்லோடும் எங்கே, எப்போது எடுத்தது என்று சீட்டு போடுங்கள். என் பானைச் சில்லில் இருப்பது: "சமையலறைக் குப்பைத்தொட்டி, மாட்டுப் பொங்கல் காலை."