செட்டிநாட்டு வெயில்ல கிளாம் வளர்க்கலாம் வாங்க: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

காரைக்குடி பக்கம் ரீஃப் டேங்க், அதாவது பவளமும் கடல் மீனும் வளர்க்குற உப்புத்தண்ணித் தொட்டி, வச்சிருக்கவங்க அடுத்து ஆசப்படுறது ட்ரைடாக்னா கிளாம்ங்கிற கடல் சிப்பிதான். ஓட்டுக்கு வெளிய விரியிற அந்த நீலப் பச்சை சதைய, அதாவது மேன்டில பாத்தா யாருக்குத்தான் ஆச வராது. தாராளமா வைக்கலாம், ஆனா டேங்க் ஓட ஆரம்பிச்சு ஆறு மாசமாவது ஆகியிருக்கணும், பாறைல ரோஸ் கலர் கோரலைன் பாசி படிய ஆரம்பிச்சிருந்தா நல்ல அடையாளம்.

1. வாங்குறது

தொண்டி பக்கத்துல தானே இருக்கு, கடல்ல இருந்தே எடுத்துட்டு வந்துரலாம்னு நெனைக்காதீங்க, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம். பண்ணைல வளர்த்து முறையா இறக்குமதியானத, பேப்பரோட வாங்குங்க, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவும் பண்ணிருங்க. முதல் தடவைக்கு டெராசா வகை போதும், 7, 8 சென்டிமீட்டர் சைஸ் பாத்து எடுங்க, ரொம்பக் குட்டி தாங்காது. கடைல கிளாம் மேல உங்க கை நிழல் விழுற மாதிரி ஆட்டிப் பாருங்க, டக்குனு சுருங்கணும். சும்மா வாயப் பொளந்துகிட்டு கெடந்தா விட்டுருங்க.

2. தண்ணி

சம்பை ஊத்துத் தண்ணி குடிக்க அமிர்தம்தான், ஆனா டேங்குக்கு அதுவும் ஆகாது, ஆர்ஓ டிஐ ஃபில்டர்ல உப்பெல்லாம் நீக்குன தண்ணில ரீஃப் சால்ட் கலந்துதான் ஊத்தணும். சலைனிட்டி (உப்பு அளவு, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி கணக்குல) 1.025, ஆல்கலினிட்டி (தண்ணில இருக்க கார்பனேட் அளவு) 8ல இருந்து 9 டிகேஹெச், கால்சியம் 420 பிபிஎம் பக்கம், மெக்னீசியம் 1300. அமோனியா சுத்தமா இருக்கக் கூடாது. நைட்ரேட்ட மட்டும் ஒரேயடியா சைபர் ஆக்கிராதீங்க, கிளாம் சதைக்குள்ள இருக்க பாசிக்கு அதுவும் சாப்பாடு. ஓடு வளர வளர கால்சியமும் ஆல்கலினிட்டியும் இறங்கிகிட்டே வரும், அதனால வாராவாரம் டெஸ்ட் பண்ணி டூ பார்ட் டோஸிங், அதாவது கால்சியத்துக்கு ஒண்ணு ஆல்கலினிட்டிக்கு ஒண்ணுன்னு ரெண்டு கரைசல், போடுங்க. வெத்தலைச் சுண்ணாம்பக் கரைச்சு ஊத்தலாமான்னு கேக்குறாங்க, வேண்டாம், அதுல என்ன கலந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்.

3. சூடு

நம்ம ஊர்ல கிளாம் சாகுறதுன்னா முக்கால்வாசி இதுலதான். தண்ணி 25, 26 டிகிரில நிக்கணும், 29, 30னு ஏறி அப்பிடியே நின்னா உள்ள இருக்க பாசிய வெளிய தள்ளிட்டு வெளுத்துப் போயிரும். பழைய வீடுன்னா கெட்டிச் சுவரு வச்ச உள் ரூம்ல டேங்க வைங்க, வளவு, அதாவது நடு முற்றத்துப் பக்கம் வெயில் நேரா அடிக்கும், அங்க வேண்டாம். மேல ஃபேன் ஓட்டினா ரெண்டு டிகிரி குறையும், ஆனா தண்ணி ஆவியாகி உப்பு ஏறிரும், அதுக்கு உப்பில்லாத ஆர்ஓ டிஐ தண்ணிய தினம் ஊத்திகிட்டே இருக்கணும், சித்திரை வைகாசில ஃபேன் பத்தாது, சில்லர் போட்டுத்தான் ஆகணும். கரண்ட் போனா தண்ணிய ஓட வைக்கிற வேவ்மேக்கர் நிக்கக் கூடாது, இன்வெர்ட்டர்ல கொடுத்துருங்க.

4. லைட்டும் இடமும்

கிளாமுக்குப் பெரும்பாலும் லைட்டுதான் சாப்பாடு. டெராசாவுக்கு 200 PARக்கு மேல வேணும் (PARங்கிறது பாசிக்குப் பயன்படுற வெளிச்சத்தோட அளவு). புதுசா விட்டதும் எல்ஈடிய பாதில வச்சு ரெண்டு வாரத்துல மெதுவா ஏத்துங்க. டெராசாவ மணல்ல வைங்க, அடில ஒரு தட்டைக் கல்ல பொதைச்சு விட்டா நூல் விட்டு அதப் புடிச்சுக்கும், பின்னாடி இடம் மாத்தணும்னா கல்லோட தூக்கிரலாம். கல்லு வைக்காம விட்டு, அது பாறைய புடிச்சதுக்கப்புறம் புடுங்கி எடுத்தா நூல் விடுற பைசஸ் உறுப்பு கிழிஞ்சு அதோட கதை முடிஞ்சுது. அலை நேரா மேல அடிக்காம லேசா மேன்டில் ஆடுற மாதிரி இருந்தாப் போதும்.

5. தினம் பாக்க வேண்டியது

ஓட்டு விளிம்புல வெள்ளையா புது வளர்ச்சி தெரிஞ்சா நல்லா இருக்குன்னு அர்த்தம். ராத்திரி லைட்ட அணைச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஓட்டோரமா குருணை அரிசி மாதிரி வெள்ளை நத்தை ஒட்டியிருந்தா அது பிரமிடெல்லிட், கிளாம உறிஞ்சியே கொன்னுரும், டூத்பிரஷ்ஷால ஓட்ட நல்லா தேச்சு எடுங்க, மேன்டில்ல மட்டும் பட்டுராம. ஏஞ்சல், பட்டர்ஃபிளை மீனு கூட விடாதீங்க, கொத்தும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தா காப்பர் மருந்த இந்த டேங்க்ல ஊத்தவே கூடாது, மீன வேற தொட்டிக்கு மாத்தி அங்க வைத்தியம் பாருங்க.