ஞாயிறு இரண்டு மணி நேரம்: வாரச் சமையலுக்கு முன்தயாரிப்பு

சிங்கப்பூரில் வேலை முடிந்து எம்ஆர்டி ரயில் பிடித்து வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். அதற்கப்புறம் வெங்காயம் உரிக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? கீழே இருக்கும் உணவங்காடியில் பார்சல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இது மாறும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஏழு நாள் குழம்பையும் ஒரே நாளில் வைத்து அடுக்கப் பார்ப்பார்கள். அது வேண்டாம். சமைத்த குழம்பு ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள்தான் தாங்கும். அதற்குள் வீட்டில் எல்லாருக்கும் அலுத்தும் போய்விடும். நேரம் பிடிக்கிற வேலையை மட்டும் ஞாயிறன்று முடித்துவிட்டு, தாளித்து இறக்குவதை அன்றன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. எழுதுங்கள்

ஃபிரிட்ஜில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை இரவுச் சாப்பாட்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு நாள் பருப்பு, இரண்டு நாள் மசாலா, ஒரு நாள் தோசை. மீனும் கீரையும் திங்களுக்கு. முட்டைக்கோஸ், கேரட், பூசணி எல்லாம் வியாழன் வரை காத்திருக்கும்.

2. வாங்குங்கள்

ஞாயிறு காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய்விடுங்கள். மீன், காய்கறி விற்கும் இதுபோன்ற ஈரச்சந்தைகளில் திங்களன்று பல கடைகள் திறப்பதில்லை. துருவிய தேங்காயும் அங்கேயே வாங்கி, ஒரு நாளுக்கு ஒரு பொட்டலமாக ஃபிரீசரில் போட்டுவிடலாம். கீரையைக் கழுவாமல் தாளில் சுற்றி வையுங்கள். ஈரம் பட்டால் மறுநாளே அழுகத் தொடங்கும்.

3. அடுப்பைப் பற்றவையுங்கள்

முதலில் குக்கரில் இரண்டு கப் துவரம்பருப்பை மஞ்சள் தூள் போட்டு ஏற்றுங்கள். அது வேகும்போதே பக்கத்து அடுப்பில் தொக்கு.

இந்தத் தொக்குதான் வாரம் முழுக்கக் கைகொடுக்கும். ஒரு கிலோ வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, ஐந்து மேசைக்கரண்டி எண்ணெயில் உப்பு சேர்த்து வதக்குங்கள். அவசரப்படக் கூடாது. ஓரங்கள் பழுப்பாகிக் கரண்டியில் ஒட்ட ஆரம்பித்ததும் இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, பச்சை வாசனை போனதும் ஒரு கிலோ தக்காளி. நீர் வற்றி எண்ணெய் பிரிந்து, கரண்டியால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம். மிளகாய்த்தூளும் மசாலாவும் இப்போது வேண்டாம். அப்போதுதான் அதே தொக்கு ஒரு நாள் கோழிக் குழம்பாகும், இன்னொரு நாள் கொண்டைக்கடலையாகும், முட்டை மசாலாவும் ஆகும்.

தோசை மாவு அரைப்பவர்கள் நேரத்தைக் கவனியுங்கள். நம்மூர் வெப்பத்தில் ஒரே இரவில் நன்றாகப் பொங்கிவிடும். காலையில் எழுந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றாவிட்டால் புளித்துப்போகும்.

4. ஆறவையுங்கள்

தயவுசெய்து இதில் மட்டும் அலட்சியம் காட்டாதீர்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் வீட்டுச் சமையலறை அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. பெரிய பாத்திரத்தோடு மேசையில் விட்டால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அகலமான தட்டுகளில் பரப்புங்கள், அல்லது பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்திக் கிளறுங்கள். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

சோறு மட்டும் அன்றன்றைக்கு வடியுங்கள். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. ரைஸ் குக்கர் இருக்கும் வீட்டில் இது பெரிய வேலையும் இல்லை.

5. டப்பாவில் போடுங்கள்

ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து, மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். புதன் வரைக்குமானது ஃபிரிட்ஜில், மிச்சம் ஃபிரீசரில். உருளைக்கிழங்கு போட்டதை ஃபிரீசரில் வைக்காதீர்கள், சவசவத்துப் போகும். தேங்காய் அரைத்து விடுவதும் சாப்பிடும் அன்றைக்குத்தான்.

இனி வார நாளில் வேலை சுருக்கம். சாம்பாரா? காய் வேகவைத்து, புளியும் சாம்பார் தூளும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, பருப்பை ஊற்றித் தாளித்தால் சரி, அரை மணி நேரத்தில் சாப்பாடு. வியாழனுக்கான டப்பாவைப் புதன் இரவே ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மறுநாள் மாலை நீங்கள் வரும்போது உறைபனி விட்டிருக்கும். ஆவி பறக்கக் கொதிக்கவிட்டு இறக்குங்கள்.