வைரஸ் போச்சு, நெட்டும் போச்சு: அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஆன்டிவைரஸ் ஓடி முடிந்து, எல்லாவற்றையும் நீக்கியாயிற்று என்று காட்டிய பிறகுதான் பல கணினிகளில் நெட் நிற்கிறது. வைஃபை அடையாளம் முழுசாக இருக்கும், க்ரோமில் ஒரு பக்கமும் திறக்காது. ராமேஸ்வரம் லாட்ஜ் வரவேற்பிலோ கீழக்கரை ஜெராக்ஸ் கடையிலோ தொண்டி இ-சேவை மையத்திலோ ஆட்கள் வரிசையில் நிற்கும்போது இப்படி ஆனால், "ஃபார்மேட் போட்டுடலாம்" என்ற பேச்சுதான் முதலில் எழும். பெரும்பாலும் அது தேவைப்படாது.

காரணம் எளிது. மால்வேர், அதாவது வைரஸ் போன்ற தீய நிரல், ப்ரௌசருக்கும் இணையத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. போகிற வருகிற தகவலெல்லாம் தன் வழியாகவே போகும்படி விண்டோஸ் அமைப்புகளை மாற்றிவிடுகிறது. ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பை அழிக்கும், மாற்றிவைத்த அமைப்பைப் பல நேரம் தொடாது. அதனால் விண்டோஸ், இல்லாத ஒன்றிடம் தகவலைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது.

கேபிளைப் பார்க்காமல் கணினியைக் குடைவது

கடலோரத்தில் இதை முதலில் சொல்லியாக வேண்டும். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் ஜன்னல் திறந்தே இருக்கும் கடைகளில் லேன் கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். எட்டு பித்தளை நிறக் கம்பிகளில் ஒன்றிரண்டு பச்சைக் களிம்பு ஏறி மங்கியிருந்தால், அது உப்புக் காற்றின் வேலை. புது முனை போட ஐந்து நிமிடம் போதும். ஃபைபர் இணைப்பு என்றால் மோடத்தில் லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் கோளாறு வெளி லைனில், கணினியில் எதையும் தொட வேண்டாம்.

கணினியின் தேதியையும் பாருங்கள். அடிக்கடி கரண்ட் போய் வரும் இடத்தில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அப்போது எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கை வரும். அதை வைரஸ் என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுபவர்கள் நிறைய.

எங்கே அறுந்தது என்று தெரியாமல் ரீசெட் போடுவது

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையை, ஸ்லாஷ் ஆல் சேர்த்துக் (ipconfig /all) கொடுங்கள். வருவதை அப்படியே போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை. கேபிள், நெட்வொர்க் டிரைவர், முகவரியைக் கேட்டு வாங்கும் டிஎச்சிபி க்ளையன்ட் சர்வீஸ் இவற்றில் ஒன்று பழுது. முகவரி சரியாக இருந்தால், பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கூகுளின் 8.8.8.8 சர்வருக்குக் கொடுங்கள். பதில் வந்து, தளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் தோற்றால் தளப் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிலோ, அதே வேலையைக் கணினிக்குள்ளேயே செய்யும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ கோளாறு. பெயருக்கும் பதில் வந்து ப்ரௌசர் மட்டும் திறக்கவில்லை என்றால் நடுவில் நின்று தகவலைக் கடத்தும் ப்ராக்ஸியைத்தான் சந்தேகப்பட வேண்டும். பிங் ஓடாமலே விண்டோஸ் சாக்கெட்ஸைத் தொடங்க முடியவில்லை என்று செய்தி வந்தால், நிரல்களை நெட்டோடு இணைக்கும் விண்டோஸ் பகுதியான வின்சாக் உடைந்திருக்கிறது.

இன்னொரு நல்ல சோதனை, போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் நெட்டைக் கணினிக்குத் தரும் டெதரிங் போட்டுப் பார்ப்பது. அதில் நெட் வந்தால் பழுது பழைய நெட்வொர்க் கார்டின் ஐபி, டிஎன்எஸ் அமைப்பிலோ கேபிளிலோ ரௌட்டரிலோ இருக்கிறது. அதிலும் வராவிட்டால் ப்ராக்ஸி, ஹோஸ்ட்ஸ், வின்சாக், சர்வீஸ் என்று விண்டோஸுக்குள்ளேயே தேடலாம். வைரஸை நீக்கிய பிறகே இதைச் செய்யுங்கள். உயிரோடிருக்கும் மால்வேருக்குப் போன் வழியாக நெட் கொடுத்தால், அது திருடியதை அனுப்ப நாமே வழி திறந்துவிட்டதாகும்.

ப்ராக்ஸியை அணைத்துவிட்டு அத்தோடு விடுவது

அதிகம் கண்ணில் படுவது இதுதான். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ராக்ஸி பக்கத்தைத் திறந்தால் முகவரி 127.0.0.1, பக்கத்தில் ஒரு போர்ட் எண் என்று நிற்கும். 127.0.0.1 என்பது அதே கணினி. அங்கே உட்கார்ந்திருந்த மால்வேர் போய்விட்டதால் பதில் சொல்ல ஆளில்லை. அந்தச் சுவிட்சை அணைத்தால் பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும்.

அதே பக்கத்தில் செட்டப் ஸ்கிரிப்ட் என்று இன்னொரு இடம் இருக்கிறது. அதில் தெரியாத முகவரி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனி ப்ராக்ஸி அமைப்பு உண்டு. விண்டோஸ் அப்டேட் மட்டும் ஓடவில்லை என்றால் நெட்ஷ் வின்ஹெச்டிடிபி ரீசெட் ப்ராக்ஸி (netsh winhttp reset proxy) என்ற கட்டளை தேவைப்படும்.

பிறகு ரீஸ்டார்ட் செய்து மறுபடி அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ப்ராக்ஸி தானாகத் திரும்ப வந்திருந்தால் மால்வேர் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். டாஸ்க் ஷெட்யூலரிலும் ஸ்டார்ட்அப் பட்டியலிலும் தெரியாத பெயர் எது என்று தேடி நீக்கும்வரை இந்தச் சுவிட்சை எத்தனை முறை அணைத்தாலும் பயனில்லை.

இ-சேவை மையத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆதார் விரல்ரேகைக் கருவியை இயக்கும் ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருளும் 127.0.0.1-இல்தான், 11100-இல் தொடங்கும் போர்ட்டுகளில் ஓடுகிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் வைரஸ் என்று நினைத்துச் சர்வீஸை அழித்துவிட்டால், நெட் வந்தபிறகும் விரல்ரேகை எடுபடாது.

ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தப்பாகச் சேமிப்பது

சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று உள்ளே போனால் ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு இருக்கும். விண்டோஸோடு வரும் கோப்பில் எல்லா வரியும் # குறியோடுதான் தொடங்கும். ஆன்டிவைரஸ் நிறுவனத் தளங்களின் பெயர்கள் 127.0.0.1 அல்லது 0.0.0.0-க்கு எதிரே எழுதியிருந்தால் மால்வேர் செய்தது என்று உறுதியாகச் சொல்லலாம். அந்த வரிகளை மட்டும் நீக்குங்கள். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் சேமிக்க விடாது. கோப்பு வகையில் எல்லாக் கோப்புகளும் என்பதைத் தேர்ந்தெடுக்காமல் புதிதாகச் சேமித்தால், பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டு இன்னொரு கோப்பாகிவிடும். பழைய கோப்பு அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும்.

கணினியில் மட்டும் டிஎன்எஸ்ஸைத் திருத்துவது

அடாப்டரின் ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் டிஎன்எஸ் தானாகப் பெறும்படி வையுங்கள். ஒன்றை மட்டும் திருத்தினால் கோளாறு பாதியிலேயே நிற்கும். அதே வைஃபையில் போனிலும் தளங்கள் தப்பாகத் திறந்தால் ரௌட்டரின் டிஎன்எஸ்ஸே மாற்றப்பட்டிருக்கிறது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மால்வேர் இப்படித்தான் உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகளைத் தன் சர்வர் பக்கம் திருப்பியது. 2011 நவம்பரில் அந்தக் கும்பல் பிடிபட்ட பிறகும், சர்வர்களை உடனே நிறுத்தினால் அத்தனை பேருக்கும் நெட் போய்விடும் என்பதால் 2012 ஜூலை 9 வரை மாற்றுச் சர்வர்கள் ஓடின. ரௌட்டரை ரீசெட் செய்து, அட்மின் என்ற பழைய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் அது மறுபடி நடக்கும். ரீசெட்டுக்கு முன் பிராட்பேண்ட் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சேவை நிறுவனத்து ஆள் வரும்வரை கடையில் நெட் இருக்காது.

ரீசெட் கட்டளைகளை விளைவு தெரியாமல் கொடுப்பது

வின்சாக் உடைந்ததற்கு மருந்து, அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நெட்ஷ் வின்சாக் ரீசெட் (netsh winsock reset). மால்வேர் வின்சாக் சங்கிலியில் தன் டிஎல்எல் கோப்பைக் கோத்திருக்கும். ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பை மட்டும் பிடுங்கியதும் சங்கிலி அறுந்துவிடும். இந்தக் கட்டளை அதைப் பழையபடி கோக்கிறது. அடுத்தது நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட் (netsh int ip reset). கையால் கொடுத்த ஐபி முகவரிகளை இது அழித்துவிடும். கேமரா, பில்லிங் பிரிண்டர், டேலி ஓடும் இன்னொரு கணினி என்று நிலையான முகவரியை நம்பியிருக்கும் கடையில், நெட் வந்து மற்றதெல்லாம் நின்றுபோகும். முதலில் எடுத்த போட்டோ அப்போதுதான் உதவும். செட்டிங்ஸில் உள்ள நெட்வொர்க் ரீசெட் இன்னும் கடுமையானது. எல்லா அடாப்டர்களையும் நீக்கி மறுபடி நிறுவும், சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் போய்விடும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

கட்டளை கொடுத்துவிட்டு ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது பலர் செய்யும் தவறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் கணினி ஷட்டவுனில் முழுசாக அணைவதில்லை, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையைச் சேமித்து வைத்துத் திரும்ப எடுக்கிறது. ரீஸ்டார்ட்டைத்தான் அழுத்த வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு டிஎச்சிபி க்ளையன்ட் தொடங்க மறுத்தால் சிஸ்டம் கோப்பே போயிருக்கலாம். சீரோஆக்சஸ் போன்ற ரூட்கிட்டுகள் (கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் மால்வேர்) விண்டோஸின் சொந்த டிரைவர் கோப்புக்குள்ளேயே புகுந்துகொண்டவை. ஆன்டிவைரஸ் அந்த டிரைவரையும் சேர்த்து நீக்கினால் நெட்வொர்க்கே எழாது. சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்லாஷ் ஸ்கேன்நௌ (sfc /scannow) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.

ஃபார்மேட் உண்மையிலேயே தேவைப்படும்போது

சாலிட்டி, விருட், ராம்நிட் போன்ற வைரஸ்கள் கணினியில் உள்ள இஎக்ஸ்இ கோப்புகளுக்குள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனில் இந்தப் பெயர்கள் வந்தால் சரிபார்க்க உட்கார வேண்டாம், ஃபார்மேட்தான் நல்லது. டாக்குமென்ட், போட்டோ, டேலி டேட்டாவை மட்டும் காப்பி எடுங்கள். இன்ஸ்டாலர்களையும் ஹெச்டிஎம்எல் கோப்புகளையும் எடுக்காதீர்கள். டி டிரைவை அப்படியே விட்டுவிட்டு சி-யை மட்டும் அழித்தால், டி-யில் கிடக்கும் பழைய இன்ஸ்டாலரை ஒருமுறை இரட்டை க்ளிக் செய்ததும் எல்லாம் திரும்ப வரும். கிராக் செய்த விண்டோஸையே மறுபடி போடுவதும் அதே வாசலைத் திறந்துவைப்பதுதான்.

வாடிக்கையாளர் பிரிண்டுக்குக் கொண்டுவரும் பென்டிரைவ்தான் ஜெராக்ஸ் கடைகளுக்கு வைரஸ் வரும் பெரிய வழி. சுத்தம் செய்யும் கருவியைக் கொண்டுபோன பென்டிரைவையே கடை வேலைக்கும் பயன்படுத்தாதீர்கள். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் பாட் (கணினியை ரகசியமாக ஆட்டுவிக்கும் மால்வேர்) நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வேறு சுத்தமான கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள்.

நெட் வந்ததும் அதே கணினியில் பேங்க் தளத்தைத் திறந்து சோதிக்காதீர்கள். இமெயில், பேங்க், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை முதலில் போனிலிருந்து மாற்றுங்கள். கணக்கில் ஏற்கெனவே பணம் போயிருந்தால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். தாமதிக்காமல் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்திவைக்க வழியிருக்கிறது.