பகடை உருட்டும் முன்: வெற்றி வாய்ப்பைக் கணக்கிடுவது எப்படி?

மூன்று பகடைகள் உருட்டுகிறீர்கள். ஒன்றிலாவது 5 அல்லது 6 விழுந்தால் எதிராளியின் காய் வெட்டுப்படும். வாய்ப்பு எவ்வளவு? ஒரு பகடைக்கு மூன்றில் ஒன்று, இருப்பதோ மூன்று பகடை, அப்போ நூறு சதவீதம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். என் காய் பறிபோன பிறகுதான் கணக்கில் ஓட்டை இருப்பது தெரிந்தது.

படி 1: ஒரு பகடை

ஜெயிக்கும் முகங்களை எண்ணி 6-ஆல் வகுக்க வேண்டும். "4 அல்லது அதற்கு மேல்" என்றால் 4, 5, 6 என மூன்று முகங்கள். 3/6, பாதிக்குப் பாதி. அவ்வளவுதான்.

படி 2: இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஒன்று சிவப்பு, மற்றது வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பின் ஒவ்வொரு முகத்துக்கும் வெள்ளையில் ஆறு முகங்கள், ஆக மொத்தம் 36 விதம். இதில் 8 எப்படியெல்லாம் விழும்? 2-6, 3-5, 4-4, 5-3, 6-2. ஐந்து விதம். 3-5 வேறு, 5-3 வேறு. ஆனால் 4-4 ஒரே ஒரு முறைதான். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

2 விழ ஒரே வழி. அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கூடி 7-க்கு ஆறு வழிகள். பிறகு அதேபோல் குறைந்து 12-க்கு மறுபடி ஒன்று. இரண்டு பகடை உருட்டி ஆடும் கட்டான் என்ற பலகை விளையாட்டின் எண் வில்லைகளில் 6, 8 இரண்டும் சிவப்பில் அச்சாகியிருப்பது இதனால்தான்: 7-ஐ விட்டால் அதிகம் விழுபவை அவையே.

8 அல்லது அதற்கு மேல் வேண்டுமா? 5+4+3+2+1 = 15. 15/36, சுமார் 42 சதவீதம். கையில் "ஒன்று கூட்டிக்கொள்" என்ற அட்டை இருந்தால் 7 விழுந்தாலே போதும். 21/36, அதாவது 58. அதே அட்டையை 12 தேவைப்படும்போது போட்டால் 3 சதவீதம் 8 ஆகும், அவ்வளவே. நான் அங்கே வீணாக்க மாட்டேன்.

படி 3: "ஒன்றிலாவது"

சரி, என் பழைய தப்புக்கு வருவோம். வெற்றியை விட்டுவிட்டுத் தோல்வியை எண்ணுங்கள். ஒரு பகடை சொதப்ப 2/3. மூன்றும் சொதப்ப 2/3 × 2/3 × 2/3 = 8/27. மீதி 19/27, சுமார் 70 சதவீதம்.

ஒரே ஒரு பகடை, தோற்றால் அதையே இன்னொரு முறை உருட்டலாம் என்ற விதிக்கும் இதே வழிதான்: 1 − 4/9 = 5/9.

பழைய கணக்குதான் இது. ஷெவாலியே த மெரே என்ற சூதாட்டப் பிரியர் கிளப்பிய கேள்விகளை வைத்து 1654-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு 6-ஆவது விழ 52 சதவீதம். இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு முறையாவது இரட்டை 6 விழ 49 தான்.

படி 4: இரண்டு வெற்றி வேண்டுமென்றால்

அதே மூன்று பகடைகள். சரியாக இரண்டு ஜெயிக்க 1/3 × 1/3 × 2/3 = 2/27. சொதப்பும் பகடை மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், அதனால் மூன்றால் பெருக்கினால் 6/27. மூன்றுமே ஜெயிக்க 1/27. மொத்தம் 7/27, 26 சதவீதம். எழுபதிலிருந்து எங்கே இறங்கிவிட்டது பாருங்கள்! இந்த நிலையில் நான் தாக்காமல் நாலாவது பகடைக்குக் காத்திருப்பேன். அது வந்தால் 33/81, கிட்டத்தட்ட 41.