கையில் பங்கு இருந்தால் மட்டும் கால் ஆப்ஷன் விற்கலாம்

ஒரு பங்கைக் குறித்த தேதியில் குறித்த விலைக்கு வாங்கும் உரிமைதான் கால் ஆப்ஷன்; அதை விற்பவருக்குக் கிடைக்கும் பணம் பிரீமியம். மாதாமாதம் பிரீமியம் வரும் என்று ஆப்ஷன் விற்க இறங்குகிறவர்கள், கையில் இருக்கும் பங்கின் மீது மட்டும் 'கவர்டு கால்' விற்றுத் தொடங்குவது நல்லது. பங்கே இல்லாமல் கால் விற்றால் நஷ்டத்துக்கு உச்சவரம்பே கிடையாது.

உதாரணத்துக்கு, 400 ரூபாய் பங்கு, ஒரு லாட் (ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் பங்குகள்) 1,000 என்று வையுங்கள். 420 ஸ்ட்ரைக் (அந்தக் குறித்த விலை) கால் ஆப்ஷனைப் பங்குக்கு 5 ரூபாய் என்று விற்றால் 5,000 ரூபாய் வரும். பங்கு 450க்குப் போனாலும் உங்களுக்குக் கிடைப்பது 420ம் பிரீமியம் 5ம் சேர்த்து 425தான். சரி, அதுகூடப் பரவாயில்லை. 350க்கு இறங்கினால்? பங்கில் 50,000 போகும், பிரீமியம் தாங்குவது 5,000தான். இதை வாடகை வருமானம் என்று சொல்லி விற்பவர்கள் இந்தக் கணக்கைக் காட்டமாட்டார்கள்.

அப்புறம், நம் சந்தையில் 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களுக்கும் டெலிவரி முறைதான். எக்ஸ்பைரி (ஆப்ஷன் முடியும் நாள்) அன்று விலை 420க்கு மேல் முடிந்தால் டீமேட்டிலிருந்து பங்கையே கொடுக்க வேண்டும். தாத்தா காலத்துப் பங்கு, கொடுக்க மனமில்லை என்றால் எக்ஸ்பைரிக்குச் சில நாள் முன்பே கால் ஆப்ஷனைத் திரும்ப வாங்கி முடித்துவிடுங்கள். கம்பெனியின் காலாண்டு ரிசல்ட் வரும் வாரத்தில் பிரீமியம் கொழுத்திருக்கும், அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்.