கார் இன்சூரன்ஸ் கொட்டேஷன்களை ஒப்பிடுவது எப்படி? திருகோணமலையில் முதல் கார் வாங்கியவர்களுக்கு

கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, முன்னால் போன லொறியின் டயரில் இருந்து ஒரு சின்னக் கல் தெறித்து என் காரின் முன் கண்ணாடியில் பட்டது. மிளகு அளவு புள்ளிதான். வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் புள்ளி கண்ணாடியின் குறுக்கே ஒரு முழ நீளக் கோடாக ஓடிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பனிக்கு அழைத்தேன். "உங்கள் பொலிசியில் கண்ணாடிக்குத் தனியாகக் காப்புறுதி எடுக்கவில்லை. சாதாரண கிளெய்ம் போட்டால் போனஸ் குறையும்" என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். மூன்று கொட்டேஷன்களில் 6,500 ரூபா குறைவாக இருந்ததை எடுத்தேன். ஏன் குறைவு என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அது இல்லாமல் பிரதேச செயலகத்தில் காருக்கு வருடா வருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது (புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும்). உங்கள் கார் மோதி இன்னொருவர் காயப்பட்டால் அவருக்கு அது பணம் கொடுக்கும். உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது. நிலாவெளி வீதியில் இரவில் படுத்திருக்கும் மாட்டில் மோதினாலும், ஹபரணைக் காட்டு வழியில் யானை வந்து மிதித்தாலும் செலவு உங்களுடையது.

உங்கள் காருக்கும் பணம் வர வேண்டுமென்றால் ஃபுல் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். லீசிங்கில் எடுத்த காருக்கு இந்தத் தெரிவே இல்லை, லீசிங் கம்பனி ஃபுல் இன்சூரன்ஸ்தான் கேட்கும். கார் மிகப் பழையது, போனாலும் தாங்கிக்கொள்வீர்கள் என்றால் மூன்றாம் தரப்பு போதும். மற்ற எல்லோருக்கும் நான் ஃபுல் என்றுதான் சொல்வேன்.

படி 2: காரின் இன்றைய விலையைக் கண்டுபிடியுங்கள்

நம் ஊரில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். இடையில் பழைய கார்களின் விலை எங்கோ போய்விட்டது. ஆனால் பலர் பொலிசியைப் புதுப்பிக்கும்போது பழைய தொகையையே போட்டுக்கொண்டு போனார்கள், கட்டுப்பணம் (கம்பனிக்கு நாம் வருடா வருடம் கட்டும் காசு) குறைவாக வருகிறதே என்று.

அதில் என்ன பிழை? ஒரு கணக்குப் பாருங்கள். காரின் சந்தை விலை 75 லட்சம், நீங்கள் காப்புறுதி செய்தது 50 லட்சத்துக்கு. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. விபத்தில் 6 லட்சத்துக்கு வேலை வந்தால், பெரும்பாலான பொலிசிகளின் நிபந்தனைப்படி கம்பனி அதிலும் மூன்றில் இரண்டு பங்கு, 4 லட்சம்தான் கணக்கில் எடுக்கும். மீதி 2 லட்சம் உங்கள் கையில் இருந்து போகும். கார் முழுதாக அழிந்தால்தானே இது வரும் என்று நினைக்காதீர்கள், கதவு நெளிந்தாலும் இதே கணக்குத்தான்.

ஆகவே விற்பனை விளம்பரங்களில் அதே மொடல், அதே வருடக் கார்கள் நாலைந்தைப் பார்த்து ஒரு தொகையை எழுதிக்கொள்ளுங்கள். அதிகமாகப் போடுவதிலும் பயன் இல்லை. அழிந்த காருக்குச் சந்தை விலைதான் கிடைக்கும்.

படி 3: எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள்

குறைந்தது மூன்று கம்பனிகளிடம் கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் வாயால் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போடுவார்கள், அப்புறம் ஒப்பிடவே முடியாது. வட்ஸ்அப்பில் ஒரே செய்தியை எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள்: மொடல், வருடம், காப்புறுதித் தொகை, சொந்தப் பாவனையா வாடகையா, யார் யார் ஓட்டுவார்கள், லீசிங் இருக்கிறதா, உங்களுக்கு வேண்டிய மேலதிகக் காப்புகள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் இருக்கு அண்ணா, பயப்படாதீங்க" என்பது பதில் இல்லை.

படி 4: வந்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்

கீழே இருக்கும் மொத்தத் தொகையைக் கையால் மறைத்துவிட்டு மேலிருந்து வாருங்கள்.

முதலில் எக்ஸஸ். ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நீங்கள் கட்ட வேண்டிய தொகை அது. எக்ஸஸைக் கூட்டினால் கட்டுப்பணம் குறையும், மலிவான கொட்டேஷனின் இரகசியம் பல நேரம் இதுதான். புதிதாக லைசன்ஸ் எடுத்த மகனோ மகளோ ஓட்டினால் எக்ஸஸ் கூடுமா என்பதையும் கேளுங்கள்.

அடுத்து, கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான போனஸ், அதாவது கட்டுப்பணத்தில் கிடைக்கும் கழிவு. இதை விளங்கிக்கொண்டால் எப்போது கிளெய்ம் போடக் கூடாது என்பதும் விளங்கும். அடிப்படைக் கட்டுப்பணம் 160,000 ரூபா, உங்கள் போனஸ் 40 வீதம் என்று வைத்துக்கொள்வோம், 96,000 கட்டுகிறீர்கள். பம்பரில் 30,000 ரூபா வேலை. எக்ஸஸ் 10,000 போக 20,000 கிடைக்கும். ஆனால் போனஸ் 20 வீதத்துக்கு இறங்கினால் அடுத்த வருடம் 128,000 கட்ட வேண்டும், 32,000 அதிகம். அந்த பம்பரை உங்கள் காசிலேயே செய்து விடுவதுதான் புத்தி. ஒரு கிளெய்முக்கு எவ்வளவு இறங்கும் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், அதனால் அந்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கம்பனி மாறுகிறீர்கள் என்றால் பழைய இடத்தில் இருந்து போனஸ் கடிதம் எடுக்க மறக்காதீர்கள்.

இயற்கை அனர்த்தம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் எப்படி மூழ்கியது என்று நம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளமும் புயலும் சில பொலிசிகளில் கூடவே வரும், சிலதில் கேட்டால்தான் சேர்ப்பார்கள். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு இதை விடாதீர்கள். இன்னொன்று: தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்து உடைந்தால், அதை நீங்களே செய்த சேதம் என்று கம்பனி மறுக்கலாம். இழுத்துச் செல்லும் செலவு பொலிசியில் இருக்கிறதா, எத்தனை ரூபா வரை என்று பாருங்கள்.

கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம். இதற்குக் கொட்டேஷனில் தனியாக ஒரு கட்டணம் போட்டிருப்பார்கள், அந்தப் பணம் அரசாங்கத்தின் நிதியம் ஒன்றுக்குப் போகிறது. இந்தக் கட்டணம் கொட்டேஷனில் இல்லாவிட்டால், கலவரத்தில் எரிக்கப்பட்ட காருக்கு எதுவும் கிடைக்காது. இது ஏன் வேண்டும் என்று திருகோணமலை ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வாடகைப் பாவனை. சீசனில் உப்புவெளி, நிலாவெளி ஹொட்டல்களில் இருந்து வெளிநாட்டுக்காரரை ஏற்றி இறக்கி நாலு காசு பார்ப்பவர்கள் நிறையப் பேர். சொந்தப் பாவனை என்று எழுதிய காரில் காசுக்கு ஆள் ஏற்றும்போது விபத்து நடந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். வாடகை என்று உள்ளபடி எழுதுங்கள். கட்டுப்பணம் கூடும், கூடட்டும்.

முன் கண்ணாடிக் காப்பு பற்றி மேலே சொல்லிவிட்டேன். புதிய உதிரிப்பாகம் போடும்போது காரின் வயதுக்கு ஏற்ப எத்தனை வீதம் கழிப்பார்கள் என்பதையும் கேளுங்கள். பத்து வருடக் காருக்கு இது பெரிய தொகை.

இப்போது கையை எடுத்துவிட்டு மொத்தத்தைப் பாருங்கள். ஒரு தாளில் இருப்பது மற்றதில் இல்லை என்றால், அதையும் சேர்த்துப் புதிய கொட்டேஷன் கேளுங்கள். பிறகு நான் இப்படிக் கேட்டபோது, இரண்டாவது சுற்றில், முதலில் விலை கூடியிருந்த கம்பனிதான் மலிவாக வந்தது.

படி 5: ஊரில் விசாரியுங்கள்

இதற்கு நல்ல இடம் கராஜ். டிங்கரிங் பாஸிடம் போய், "எந்தக் கம்பனிக் காசு அண்ணா கெதியாக வருது?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாதது இல்லை. விபத்து நடந்த இடத்துக்கு மதிப்பீட்டாளர் எவ்வளவு நேரத்தில் வருவார், ஆள் திருகோணமலையில் இருக்கிறாரா வேறு ஊரில் இருந்து வர வேண்டுமா, நம் ஊர்க் கராஜில் வேலை செய்யலாமா என்பதையும் முகவரிடம் கேளுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கிண்ணியாப் பாலத்தடியில் காரோடு நிற்கும்போது இதுதான் முக்கியம்.

படி 6: கையெழுத்துக்கு முன்

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முகவர் தெரிந்த பிள்ளையாக இருந்தாலும் சரி, அவர் நிரப்பியதை வரி வரியாக வாசியுங்கள். முந்தைய விபத்து, லீசிங், பாவனை, இதில் ஒன்று பிழையாக இருந்தாலும் பிறகு அதையே காரணம் காட்டுவார்கள். பொலிசி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். விளங்காவிட்டால் "இதில் எதற்குக் காசு தரமாட்டீர்கள்?" என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்ல வையுங்கள்.

பொலிசி வந்ததும் கார் இலக்கம், செசி இலக்கம், தொகை மூன்றையும் வாகனப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். கம்பனியின் அவசர இலக்கத்தை உங்கள் போனில் மட்டுமல்ல, காரை ஓட்டும் எல்லோருடைய போனிலும் போட்டு வையுங்கள். கிளெய்ம் அநியாயமாக மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பனிக்கே மேன்முறையீடு எழுதுங்கள். அதற்கும் சரி வராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ (இப்படியான முறைப்பாடுகளை விசாரிப்பவர்) இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். அப்போது அந்த வட்ஸ்அப் செய்திகள் உங்களுக்குச் சாட்சி, அழித்துவிடாதீர்கள்.