கச்சான் காலத்தில் வளவுக் காய்களை ஆய்வது எப்படி?

திருகோணமலையில் கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் காய்கள் இரவோடிரவாக முற்றிவிடும். புதிதாகத் தோட்டம் வைத்தவர்கள் தண்ணீரை ஒழுங்காக ஊற்றுகிறார்கள்; ஆய்வதைத்தான், அதாவது பறிப்பதைத்தான், பிந்திச் செய்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்" என்று விடாதீர்கள். செடி பாடுபடுவது விதைக்காக. காய் முற்றி விதை பிடித்துவிட்டால் புதுப் பூ குறைந்துவிடும். பிஞ்சுப் பதத்திலேயே ஆய்ந்தால் விடாமல் பூக்கும்.

1. நேரம்

காலை 6 மணிக்கே இறங்கிவிடுங்கள். இரவில் நீர் பிடித்த காய் விறைப்பாக இருக்கும். பத்து மணி வெயிலில் ஆய்ந்தால் கடகத்திலேயே வாடிவிடும். பயிற்றங்கொடியை மட்டும் இலை ஈரம் காய்ந்தபின் தொடுங்கள். ஈரக் கையோடு நோய் கொடிக்குக் கொடி பரவும். மருந்து அடித்திருந்தால் போத்தலில் எழுதியிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை ஆய வேண்டாம்.

2. வெண்டிக்காய்

எல்லாவற்றிலும் அவசரக்காரி இதுதான். பூ விரிந்து 4 முதல் 6 நாளில் காய் பதமாகிவிடும், விரல் நீளம் போதும். நுனியை மெல்ல வளைத்துப் பாருங்கள். 'டக்' என்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்துகொண்டே போனால் நார். ஒருநாள் விட்டு ஒருநாளாவது பார்க்க வேண்டும். போன வருடம் மூதூரில் ஒரு கலியாணத்துக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்தபோது காய்கள் சாண் நீளம், கத்தியே இறங்கவில்லை. அத்தனையையும் வெட்டி எறிந்த பிறகுதான் செடி மறுபடி பூத்தது. அப்புறம், வெண்டியின் சுணை கையைக் கடிக்கும்; நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இழுக்காமல் காம்போடு கத்தியால் வெட்டுங்கள்.

3. பயிற்றங்காய்

உள்ளே விதை புடைத்துத் தெரியுமுன் ஆய வேண்டும். ஒரு கையால் காம்பைப் பிடித்து, மறுகையால் காயை மட்டும் கிள்ளுங்கள். அந்தக் காம்பிலேயே அடுத்த பூ வரும். காம்பை முறித்தால் அதுவும் போய்விடும்.

4. கத்தரி, பாகல், மிளகாய்

கத்தரிக்காய் பளபளப்பாக இருக்கும்போதே ஆயுங்கள். பெருவிரலால் அமுக்கினால் குழி லேசாக மீள வேண்டும். மினுக்கம் மங்கினால் விதை கறுத்துக் கசக்கும். பாகலை மஞ்சள் தட்டுமுன், மிளகாயைக் காம்போடு.

5. தக்காளி

இதை முழுதாகப் பழுக்கும்வரை செடியில் விடுவது நம் ஊருக்குச் சரிவராது. வெப்பம் 30 பாகைக்கு மேல் போனால் சிவப்பு நிறம் சரியாக ஊறாது, பழம் மஞ்சளாகவே நிற்கும். அணிலும் குருவியும் வேறு. அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பு தட்டியதுமே ஆய்ந்து, காம்புப் பக்கம் கீழே இருக்க, நிழலில் ஒரே அடுக்காகப் பரப்பி வையுங்கள். சில நாளில் பழுத்துவிடும். பழுக்குமுன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மணமும் ருசியும் போய்விடும்.

6. விதைக்கு

நன்றாகக் காய்த்த வெண்டிச் செடி ஒன்றைக் குறித்து வையுங்கள். அது ஓயும் காலத்தில் இரண்டு காய்க்குச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யாரும் ஆய்ந்துவிட மாட்டார்கள். செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் விதை கலகலக்கும்போது எடுத்து, ஈரமில்லாத போத்தலில் போட்டு வையுங்கள்.